கழன்ற சிக்னல் வயர்

கலஹா தேயிலை பெக்டரியில கொழுந்து வாட்டுற ஃபேன் நின்னுபோச்சு. சென்சார் சிக்னல் வரலைன்னு ஃபேனை ஓட்டுற டிரைவ் பெட்டியோட திரையிலேயே எழுதியிருந்துச்சு. தோட்டத்துத் துரை அதைப் படிக்கல. யுத்த காலம், எலெக்ட்ரீஷியன் நான் தமிழன்; நாசவேலைன்னு பொலிஸுக்குச் சொல்லிட்டார். எந்த இயக்கம்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க.

ஃபேனைத் திருத்த வேற ஆளில்ல. மறுநாள் துரையே வந்து என்னை வெளியே எடுத்தார். மீட்டர் வச்சுப் பார்த்தேன். நாலு மில்லிஅம்பியராவது வரவேண்டிய வயர்ல ஒண்ணுமில்ல. வயரோடயே நடந்தேன். சென்சார் பெட்டிக்குள்ள அது கழண்டு தொங்குச்சு. ஃபேன் நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அன்னிக்குக் காலையில, குண்டு தேடி அந்தப் பெட்டியைத் திறந்தது பொலிஸ். பக்கத்துல டோர்ச் பிடிச்சது துரை.

துரைக்குக் காட்டினேன்.

"சரி ராஜலிங்கம், மாட்டிட்டுப் பெட்டியைப் பூட்டு," என்றார். "சாவியை நீ வச்சுக்காத. என்கிட்ட குடு."