கொக்கியின் உயரம்

கணவனின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவுவது அவள் வழக்கம். அதற்குக் காரணம் சந்தேகம் அன்று. மூடி கழன்ற பேனா ஒன்று முன்பொருமுறை நாலு துணியைப் பாழாக்கியிருந்தது. இன்று பையில் பேனா இல்லை. ஒரு சணல்நூல் இருந்தது. அதன் ஒரு முனையில் கனத்த இரும்பு நட்டு. நட்டுக்கு மேலே, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், ஒரு முடிச்சு. போகிற போக்கில் விழுந்த முடிச்சு அன்று. யோசித்து, இறுக்கிப் போட்டது.

அவள் தையற்காரி. அளவு என்றால் அவளுக்கு ஓர் எண் அன்று, ஓர் ஆள். உடம்பில்லாமல் அளவு வராது. இந்த நூல் யாருடைய உடம்பைத் தொட்டு வந்திருக்கிறது?

கொல்லைக் கொட்டகையில் சில நாள்களாக அவன் தங்கள் சின்ன டிராக்டரின் பின்புறத்துக்கு ஒரு கொக்கி செய்துகொண்டிருந்தான். உடைந்த லாரிச் சட்டத்திலிருந்து அறுத்த தகடு, இரவல் வெல்டிங் மெஷின், அதனினும் இரவலான பொறுமை. தகட்டில் இணைப்பாணி நுழையத் துளை போட்டு, இரண்டே இடத்தில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டியிருந்தான். உயரத்தைச் சரிபார்த்தபின் முழுவதும் பற்றவைப்பானாம். எந்த வண்டிக்குச் சரிபார்ப்பது என்று சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் டிரெய்லரே கிடையாது.

"இழுக்க வண்டியே இல்லாம கொக்கி எதுக்குங்க?" என்று கேட்டிருந்தாள்.

"இருக்கட்டும்மா. என்னைக்காவது உதவும்."

என்றைக்காவது உதவும் என்று ஓர் ஆணியைக்கூட எடுத்துவைத்தவன் அல்லன் அவன்.

தைத்து முடித்த துணிகளைக் கொடுத்துவரும் சாக்கில் நூலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். செங்கல் சூளை டிரெய்லரில் கொக்கி மாட்டும் முன்வளையம் முடிச்சுக்கு மேலே நின்றது. மாவு மில் வாசலில் நின்ற டிரெய்லரின் வளையம் முடிச்சுக்குக் கீழே. குனிந்து நட்டைத் தரையில் வைத்துப் பார்த்தவளை மில் டிரைவர் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, இதுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

"துணி எடுத்துக் குடு, தைக்கிறேன்."

"கழுத்து மட்டும் எறக்கமா வைங்க!"

அவள் சிரிக்கவில்லை. தையற்காரியிடம் சொல்லப்படும் நகைச்சுவைகளில் கழுத்தைத் தாண்டிப் போனவை குறைவு.

மூன்றாவது டிரெய்லர் எங்கே நிற்கிறது என்பது அவளுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்ததால்தான் மற்ற இரண்டையும் முதலில் பார்த்தாள்.

பாகம் பிரித்தபோது டிராக்டர் தம்பியான இவள் கணவனுக்கு, டிரெய்லர் அவன் அண்ணனுக்கு என்று ஆனது. கொக்கி யாருக்கு என்பதில் ஒரு பகல் போயிற்று. கடைசியில் அண்ணன் ஸ்பானரை எடுத்துக் கொக்கியைக் கழற்றிக்கொண்டு போனார். இழுக்க ஒன்றுமில்லாத டிராக்டர் இங்கே நின்றது. இழுப்பாரில்லாத டிரெய்லர் அங்கே நின்றது. அதே பகலில்தான் ஓரகத்தியின் கம்மல் காணாமற்போனது. அண்ணன் மனைவியான அவள், எல்லார் முன்னிலையிலும் இவளுடைய தையல் பெட்டியைத் தரையில் கவிழ்த்தாள். பொத்தான்கள் கட்டிலுக்கு அடியில் ஓடின. கம்மல் இல்லை. "தைக்கிற கை சும்மா இருக்குமா?" என்றாள் ஓரகத்தி. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்வரை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று இவள் சொன்னாள். நானும்தான் என்றான் கணவன். அதை அவன் சொன்ன குரலை நினைத்துக்கொண்டே அவள் பல மாதங்களைக் கடந்திருந்தாள்.

இப்போதும் அவள் ஓரகத்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பக்கத்துச் சந்தில் வேலி விட்டிருந்த இடைவெளி வாசல் ஆகாது என்று தனக்குத்தானே தீர்ப்பு வழங்கிக்கொண்டு நுழைந்தாள். டிரெய்லர் கழுவப்பட்டு, செங்கல் முட்டுக் கொடுத்து மட்டமாக நின்றது. வளையத்தில் புது கிரீஸ். நட்டைத் தரையில் விட்டு நூலை நிமிர்த்தினாள். முடிச்சு வளையத்தின் நட்டநடுவில் வந்து நின்றது, உடுத்திப் பார்த்துத் தைத்ததுபோல.

"யாரது?"

"நான்தான்க்கா."

ஓரகத்தி அவளைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தவளின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இவரும் இதக் கழுவறாரு, கிரீஸ் போடறாரு. யாரு வந்து இழுக்கப் போறாங்கன்னு கேட்டா, சும்மா இருக்கட்டுங்கறாரு. அங்க?"

"என்னைக்காவது உதவுமாம்."

"நல்லா சேந்தாங்க ரெண்டு பேரும்!"

ஒரு கணம் இருவரும் ஒரே கட்சியில் இருந்தார்கள். ஓரகத்தி வீட்டுப்பக்கம் தலையைத் திருப்பினாள். காதில் வெயில் பட்டது. சிவப்புக் கல், கீழே ஒற்றை முத்து. தெருவே கேட்க அன்று விவரிக்கப்பட்ட கம்மல்.

"எப்பக்கா கெடைச்சுது?"

கை தானாகக் காதுக்குப் போயிற்று. "அது... வெள்ளையடிச்சப்ப. அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு."

இவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளை பழசாகி, மழைக்கறை இறங்கியிருந்தது.

"சொல்லி அனுப்பலாம்னுதான் இருந்தேன். தம்பி வந்தப்பகூட..." என்று தொடங்கிய ஓரகத்தி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "காபி போடட்டுமா?"

"வேண்டாங்க்கா. தைக்க வேலை கெடக்கு."

திரும்பும் வழியெல்லாம் முடியாத அந்த வாக்கியம் கூடவே வந்தது. வந்தப்பகூடச் சொல்லவில்லை என்றா? வந்தப்பகூடச் சொன்னேன் என்றா? அளவெடுக்க வந்தவன் எதிரில் நின்று பேசியிருப்பான். இரும்பில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. அந்தக் கண்ணுக்குக் காதில் தொங்கிய கம்மல் தெரியாமலா போயிருக்கும்? தெரிந்திருந்தால், டிரெய்லர் முக்கியம், மனைவி பொறுத்துக்கொள்வாள் என்று எந்த நாளில் முடிவு செய்தான்?

வீட்டுக்கு வந்ததும் முதல் முடிச்சுக்கு ஒரு விரற்கடை மேலே, அதே இறுக்கத்தில், இன்னொரு முடிச்சுப் போட்டாள். நூலை ஆணியில் தொங்கிய அவன் வேலைச் சட்டையின் பையில் வைத்தாள்.

சாயங்காலம் அவன் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு விளிம்படித்தாள். வெல்டிங் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. அவன் கதவருகே வந்து நின்றான். கையில் நூல் தொங்கியது.

"இதுல ரெண்டு முடிச்சு இருக்கு."

"ஆமாங்க."

"எது சரி?"

"போய் அளந்தது நீங்கதான?"

அவள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"அக்கா காதுல கம்மல் இருந்துச்சு. நீங்க பாத்தீங்களா இல்லையா?"

நூலின் முனையில் நட்டு ஆடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதுபோல, அவன் விரல்கள் நூலை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தன.