நாற்பது நிமிஷம் போதும் என்றவர்

1

இப்போதெல்லாம் எவனும் எதையும் உள்ளபடி கொடுப்பதில்லை, சுருக்கித்தான் நீட்டுகிறான். எங்கள் தொழிற்சங்க மலருக்குக் கதை கேட்ட ஆசிரியரும் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நீட்டவும் தெரியாது, சுருக்கவும் தெரியாது. ஆனால் சுருக்கப் போய் நாசமான ஒரு காரியம் தெரியும். இந்தக் கதை அதிலிருந்து வந்தது.

2

முதல் தொடக்கம்: ஆலையின் புகைபோக்கிக்குப் பின்னால் சூரியன்...

வேண்டாம். அன்று வானத்தை யார் பார்த்தார்கள்?

இரண்டாவது: காவலாளி நல்லவர்தான், ஆனாலும்...

நல்லவர் என்று நானே எப்படிச் சொல்வது? (சங்க அறைக் காவலாளி நான்தான். 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் தள்ளி நின்று திட்டலாம்.)

மூன்றாவது, இருக்கட்டும்:

கல் அரைக்கும் ஆலையை மூடிவிட்டார்கள். சங்க அறையில் நாலு மணிக்கு மின்சாரத்தை வெட்டி, கம்ப்யூட்டரையும் நிர்வாகம் எடுத்துக்கொள்ளும் என்று அன்று மதியம்தான் உத்தரவு வந்தது. அந்தக் கம்ப்யூட்டரில், நுரையீரலில் தூசி ஏறிய அறுபத்தொரு பேரின் வாக்குமூலம் அவரவர் குரலில் இருந்தது. பதினேழாவது குரல் காவலாளியின் தம்பி. அவன் செத்து ஆறு மாதம்.

3

அதையெல்லாம் காப்பி எடுக்க, கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் இரண்டரை மணிக்கு வந்தார். நாற்பது வயது, மூக்கில் வழுக்கும் கண்ணாடி. பையிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, சுருக்காமல் அப்படியே ஏற்றினால் நாற்பது நிமிஷம் போதும் என்றார்.

காவலாளி அந்தப் பையைப் பார்த்தார். நிர்வாகத்தின் கம்ப்யூட்டரையும் இதே ஆள்தான் பார்க்கிறார். தம்பியின் குரல் இவர் பையில் ஏறினால் எந்த வாசலில் போய் இறங்கும்? தன் சட்டைப்பையிலிருந்த பென்டிரைவை நீட்டினார். மொத்தத்தில் பாதிதான் அது பிடிக்கும். சுருக்கி அமுக்கி ஏற்றுங்கள் என்றார்.

எழுத்து சுருங்கும், குரலை ரெக்கார்டு பண்ணும்போதே ஒருமுறை அமுக்கியாகிவிட்டது, மறுபடி அமுக்கினால் அளவு குறையாது, நேரம்தான் போகும் என்று ரிப்பேர்காரர் பொறுமையாகச் சொன்னார். காவலாளி விடவில்லை.

"என் தம்பி நாலு வார்த்தைக்கு ஒருதடவை இருமுவான். எல்லாம் ஒரே இருமல்தானே? ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தை எடுத்தாலே பாதியாயிடுமே."

"ஒவ்வொரு இருமலும் வேறங்க ஐயா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல."

"கதை விடாதீங்க தம்பி. சொன்னதைச் செய்யுங்க."

4

முதலில், அதே கம்ப்யூட்டரில் இருந்த நஷ்டஈட்டு மனுக்கள் போயின. எல்லாம் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. பத்துப் பங்கு ஒரு பங்காகச் சுருங்கியது. "பாத்தீங்களா?" என்றார் காவலாளி. (இந்த வார்த்தையை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். சொன்னது சொன்னதுதான், இருக்கட்டும்.)

பிறகு குரல்கள். ஒவ்வொன்றையும் அந்தக் கிழட்டு மெஷின் மாவு மாதிரி பிசைந்து பிசைந்து, கடைசியில் அதே எடையில் துப்பியது. மூன்றேகாலுக்கு ஐந்தாவது குரல். இப்போது நிறுத்தினாலும் டிஸ்க்கில் ஏற்றிவிடலாம் என்று கெஞ்சினார் ரிப்பேர்காரர். காவலாளி அசையவில்லை.

பன்னிரண்டாவது குரலில் மணி நாலு. திரை அணைந்தது, கம்ப்யூட்டரை நிர்வாகத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக மூட்டை கட்டச் சொல்லியிருந்தார் காவலாளி. பாதியில் நின்ற மூட்டை அப்புறம் யாருக்கும் அவிழவில்லை.

5

இனி 'அவர்' வேண்டாம்.

நம்பிக்கையாக முடியுங்கள் என்கிறார் ஆசிரியர். முடித்துப் பார்த்தேன்: ரிப்பேர்காரர் எனக்குத் தெரியாமல் தன் டிஸ்க்கிலும் ஏற்றி வைத்திருந்தார்...

அதெப்படி? அவருடைய இரண்டு கையையும் விட்டு நான் கண்ணை எடுக்கவேயில்லையே.

நடந்தது இது. அந்த மனுக்கள் மீதான விசாரணையில், உயிரோடு இருப்பவர்கள் மறுபடி பேசினார்கள். தம்பி பெயரைக் கூப்பிட்டதும் அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அவர் பேசினது உங்ககிட்டதானே மாமா இருக்கு?"

அதற்கு நான்...

இந்த வரியை ஏழு முறை எழுதிக் கிழித்தேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் ஏற்றியிருந்தால் அந்தக் குரல் இன்றைக்கு இருந்திருக்கும் என்பீர்கள். இருந்திருக்கலாம். யார் கையில்? அதை மட்டும் எவரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். பேனா ஆசிரியருடையது, மேஜையிலேயே வைத்துவிட்டேன். நான் கிளம்புகிறேன்.