மூன்றாவது ஓலை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் எழுதிய இஸ்ரவேலுக்கு ஓய்வு கிடைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவர் கைக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. சபைக் கூட்டத்துக் குறிப்பு, தெருக் குழாய்க்கு மனு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வருமானச் சான்று என்று எது வந்தாலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டி, நீல மையில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

இலங்கையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று சலித்துப்போன குடும்பங்கள் படகேறி வந்துகொண்டிருந்த வருஷம் அது. விசாரணை முடிந்தவர்களை, நிரந்தர முகாம் ஒதுக்கும்வரை தங்கவைக்க இடம் வேண்டும் என்றார்கள். வண்ணார்பேட்டைக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றங்கரையில் மூடிக் கிடந்த பழைய மிஷன் விடுதியைச் சபை திறந்துவிட்டது. கூட்டிப் பெருக்கப் பெண்கள் வந்தார்கள். அண்டா, தட்டு, டம்ளர் எல்லாம் அம்மையப்பன் கடையிலிருந்து வந்தன. அம்மையப்பன் வண்ணார்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர்; நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையக் கேலி. இஸ்ரவேலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. எழுத்து வேலைக்கு இஸ்ரவேலை யாரும் கூப்பிடவில்லை. அவரே மேசையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பஸ் வந்தபோது மணி பன்னிரண்டு. எட்டுக் குடும்பம், இருபத்தொன்பது பேர். பெயர், வயது, சொந்த ஊர், சமயம், யாருடன் வந்தார் என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார் இஸ்ரவேல். முதல் ஐந்து குடும்பமும் மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள், வேதக்காரர்கள். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டு எழுதினார். ஆறாவது குடும்பம் வரும்போது மழை வரும்போல வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி எப்சி, "சோறு ஆறுது, இன்னும் என்ன எழுத்து?" என்று சத்தம் போட்டாள்.

இஸ்ரவேல் பேரையும் வயதையும் மட்டும் கேட்டுக்கொண்டார். பூமணி, ஐம்பத்திரண்டு. மகள் டிலானி, இருபத்து நாலு. தனி ஆளாக வந்த நிரோஜன், இருபத்தேழு. ஊர், மேற்படி. சமயம், மேற்படி. முப்பத்து மூன்று வருஷப் பழக்கம். கீழே கடைசி வரி வரைக்கும் கை தானாக ஓடிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் டிலானி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நிரோஜன் இரண்டடி பின்னால் நின்றான்.

"ஐயா, எங்களை ஒரே இடத்துக்குத்தானே அனுப்புவினம்?"

"யாரு, ஒன்னையும் அம்மையையுமா? ஒரே இடந்தாம்மா."

"அவரையும்?"

இஸ்ரவேல் பதிவேட்டைப் பார்த்தார். தனி ஆள். அவருக்கு விஷயம் புரிந்தது. ஊரில் இரண்டு பேருக்கும் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்ததாம். கூறைச் சேலை எடுக்க வைத்திருந்த காசைத்தான் படகுக்குக் கொடுத்தார்களாம்.

மறுநாள் தாசில்தார் அம்மா வந்தபோது இஸ்ரவேல் கேட்டார். அந்த அம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்: "குடும்பம் குடும்பமாத்தான் சார் ஒதுக்குவாங்க. தனி ஆளுங்களுக்கு வேற மாவட்டம். இன்னும் மூணு வாரம் கழிச்சு, புதன்கிழமை சாயங்காலம் பட்டியல் போயிரும். அதுக்குள்ள கல்யாணம் ஆகி, சர்ச் சான்றோ கோயில் ரசீதோ கொண்டு வந்தா ஒரே குடும்பமாப் போட்டுருதேன்."

இஸ்ரவேல் விரல் விட்டு எண்ணினார். மூன்று வாரம் என்றால் மூன்று ஞாயிறு. சபையில் கலியாணம் என்றால், மணமக்கள் பேரைச் சொல்லி மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும்; யாருக்கும் தடை இல்லை என்று உறுதியான பிறகுதான் தாலி. கச்சிதமாகப் பொருந்தியது. அவருக்கு அப்படிப் பொருந்தி வந்தால் அன்றைக்கு இரவு நல்ல தூக்கம்.

"கல்யாணம்னா இங்கன மூணு ஞாயிறு வாசிக்கணும்மா. அதான் மொற. நான் பாத்துக்கிடுதேன்," என்றார் டிலானியிடம்.

"ஓம் ஐயா," என்றாள் அவள். இந்தியாவில் இறங்கியதிலிருந்து ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு நடைமுறை சொல்லியிருந்தார்கள். இதுவும் ஒன்று என்று தலையாட்டினாள்.

அம்மையப்பன் மட்டும் கேட்டார்: "மூணு வாரம் எதுக்கு வே? நம்ம பிள்ளையார் கோயில்ல ஒரு முகூர்த்தத்தப் பாத்து ரெண்டு நாள்ல முடிச்சிரலாமே."

"அவங்க வேதக்காரங்க வே."

"யாரு சொன்னா?"

"பதிவேட்டுல இருக்கு."

"ஒம்ம பதிவேட்டுல இருந்தாச் சரிதான் ரைட்டரே. நான் எதுக்கு வாயத் தொறக்கேன்?"

மூன்று வாரமும் விடுதி கலியாண வீடாகிவிட்டது. எப்சி தன் கலியாணத்துப் பட்டுச் சேலையை வெயிலில் உலர்த்தினாள். ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வேட்டி சட்டை தருவதாகச் சொன்னார். பாடகர் குழு விவாகப் பாட்டை விடுதி வாசலிலேயே வந்து பழகியது. ஈழத்துப் பிள்ளைகள் இரண்டே நாளில் அதைப் பாடகர்களைவிட நன்றாகப் பாடின. பூமணியம்மாள் வெள்ளிக்கிழமையானால் மீன் குழம்பை ஒதுக்கிவிட்டு ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து இஸ்ரவேலுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"பாத்தியா எப்சி? நாம பெரிய வெள்ளிக்கு மட்டும் மீன் கறி தொடாம ஒரு சந்தி இருக்கோம். அந்தம்மா எல்லா வெள்ளிக்கும் இருக்கு. என்ன பக்தி!"

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். அந்த இரண்டு ஞாயிறும் விடுதியில் மருத்துவ முகாம், போலீஸ் சரிபார்ப்பு என்று இருந்ததால் மணமக்கள் சபைக் கோயிலுக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு எப்சி விடவில்லை. "ஒங்க பேர வாசிக்கும்போது நீங்களே இல்லாட்டா எப்படி?" என்று பூமணியம்மாளையும் சேர்த்து மூன்று பேரையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தாள்.

குருவானவர் தானியேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "நம்முடைய திருச்சபையைச் சேர்ந்த நிரோஜனும், நம்முடைய திருச்சபையைச் சேர்ந்த டிலானியும்..." டிலானி நிமிர்ந்து நிரோஜனைப் பார்த்தாள். "இவர்கள் விவாகத்துக்குத் தடை இன்னதென்று அறிந்தவர் எவரேனும் இருந்தால், இப்பொழுதே தெரிவிக்கவேண்டும். இது மூன்றாம் முறை."

வழக்கம்போல ஒரு நொடி நிறுத்திவிட்டு அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். அப்போது மணப்பெண் எழுந்து நின்றாள்.

முந்நூறு தலை திரும்பியது. எப்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா," என்றாள் டிலானி. "கலியாணத்துக்குத் தடை ஒண்டும் இல்லை. கலியாணம் வேணும். ஆனா நாங்கள் இந்தச் சபை இல்லை. நாங்கள் பிள்ளையாரைக் கும்பிடுற ஆக்கள். அதைச் சொல்லாம இருந்தா நான் பொய் சொன்ன மாதிரியெல்லோ."

'மேற்படி' என்ற சொல் நீல மையில் இஸ்ரவேலின் கண் முன்னால் வந்து நின்றது.

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபத்தாறு வருஷமா இந்தக் கேள்விய நானும் கேக்கேன்," என்றார். "இன்னைக்குத்தான் பதில் வந்திருக்கு. உக்காரும்மா. நீ சொன்னது ரொம்பச் சரி."

முதலில் பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது.

ஆராதனை முடிந்து குருவானவரின் உடுப்பு அறையில் கூடினார்கள். இஸ்ரவேல் மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிறு மதியம் ஆகிவிட்டது. புதன் சாயங்காலம் பட்டியல் போய்விடும். மூன்று வாரத்தை அவர் எழுத்து தின்றுவிட்டது.

"ஏம்மா, மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"நீங்கள் கேக்கேல்லையே ஐயா," என்றாள் பூமணியம்மாள் மெதுவாக. "இங்க கலியாணம் எண்டா ஆருக்கும் இப்பிடித்தான் எண்டு நினைச்சம். திருநீற்றுப் பை கடலோட போயிட்டுது. இருந்தாலும் கோயில்காரர் தந்த இடத்தில பூசினாக் குறை நினைப்பியளோ எண்டு நானும் கேக்கேல்லை."

நிரோஜன் குருவானவர் பக்கம் திரும்பினான். "ஐயா, நான் இப்பவே ஞானஸ்நானம் எடுத்தா? ரெண்டு பேரும் எடுத்தா? புதன்கிழமைக்குள்ள..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எடுக்கது ஞானஸ்நானம் இல்ல தம்பி," என்றார் குருவானவர். "ஆற அமர யோசிச்சு என்னைக்காவது வந்து கேளு. இன்னைக்கு ஒனக்கு வேண்டியது வேற ஆளு." இஸ்ரவேலைப் பார்த்தார். "ஒம்ம பாத்திரக் கடைக் கூட்டாளிக்கு ஒரு போனப் போடும்."

அம்மையப்பன் முழுக் கதையும் கேட்டார். பிறகு வந்த சிரிப்பு, இஸ்ரவேல் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபோதும் எல்லோருக்கும் கேட்டது.

"வெள்ளிக்கிழமை மீன் திங்காதவுகளப் பாத்து ஒமக்குப் பெரிய வெள்ளி ஞாபகம் வந்துதாக்கும்! ஏன் வே, அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா மை தீந்துருமோ?"

"பைய ஏசும் வே. இப்போ என்ன செய்யணும்னு சொல்லும்."

"பஞ்சாங்கம் கையிலதான் இருக்கு. ஆவணி முடியல. புதன்கிழமை காலைல முகூர்த்தம், ஒம்பதுல இருந்து பத்தரை. ஆத்தங்கரைப் பிள்ளையார் கோயில். தாலி என் பொறுப்பு. சாப்பாடு?"

"பிரியாணின்னு ஆட்டுக்கறிக்குச் சொல்லியாச்சே!" என்றாள் எப்சி.

பூமணியம்மாள் அன்றைக்குத்தான் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "கலியாணத்தண்டு மட்டும் மரக்கறி போதும். ஆட்டை அடுத்த நாளைக்கு வையுங்கோ. நாங்கள் விடமாட்டம்."

அன்று மாலையே இஸ்ரவேல் புதுப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனார். எட்டுக் குடும்பத்தையும் முதலிலிருந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு கட்டமாகக் கேட்டார். எட்டாவது குடும்பத்துப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "நானும் முருகன் கோயில் ஆள்தான் தம்பி. ஆனா உங்கட பாட்டுக் கோஷ்டி நல்லாப் பாடுது. அதால பேசாம இருந்தனான்."

புதன்கிழமை ஆற்றில் தண்ணீர் தெளிந்து ஓடியது. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஒரு பக்கம் பாத்திரக் கடைத் தெருக்காரர்கள், மறுபக்கம் பாடகர் குழு, நடுவில் விடுதிப் பிள்ளைகள். பூமணியம்மாள் நெற்றியில் மூன்று கோடு பளீரென்று இருந்தது. எப்சியின் சேலை டிலானிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஐயர் தாரை வார்க்கப் பெண்ணின் தகப்பனாரைக் கூப்பிட்டார். தகப்பனார் போரிலேயே போய்விட்டார். டிலானி சுற்றிலும் பார்த்தாள். பார்வை தூணோரம் செருப்புகளுக்குக் காவல் நின்ற இஸ்ரவேலிடம் போய் நின்றது.

"ஐயா, நீங்கள் வாறியளோ?"

"நானா?" இஸ்ரவேல் அம்மையப்பனைப் பார்த்தார். "நான் உள்ள வரலாமா வே?"

"வாரும் வே. பிள்ளையாரு என்ன, ஒம்ம பதிவேட்டையா பாக்கப் போறாரு?"

இஸ்ரவேல் சட்டையைக் கழற்றி எப்சி கையில் கொடுத்தார். டிலானியின் கையை நிரோஜன் கையில் வைத்துச் செம்புத் தண்ணீரை ஊற்றினார். பாதித் தண்ணீர் அம்மையப்பன் காலில் விழுந்தது. மேளம் கொட்டியது. தாலி ஏறியது. பாடகர் குழுவுக்குப் பழகிய பாட்டை விட மனசில்லை. மேளம் ஓய்ந்ததும் வாசலில் நின்று இரண்டு சரணம் பாடிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் இரண்டாவது சரணத்துக்குச் சேர்ந்துகொண்டார்.

கூட்டாஞ்சோறு மாதிரி ஒரே பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இஸ்ரவேல் இலையில் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோயில் ரசீதோடு ஓடினார். அம்மையப்பனின் ஸ்கூட்டரில் இருவரும் தாலுகா அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே கால்.

தாசில்தார் அம்மா ரசீதைப் படித்தாள். "கன்னிகாதானம் செய்தவர், இஸ்ரவேல்," என்று ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பட்டியலை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "நீங்களே எழுதிருங்க சார். ஒங்க எழுத்துன்னா திருத்த வேண்டாம்."

அம்மையப்பன் தொண்டையைச் செருமினார்.

இஸ்ரவேல் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். குடும்பத் தலைவி, பூமணி. மகள், டிலானி. மருமகன், நிரோஜன். சமயம் என்ற கட்டத்தில் மூன்று வரியிலும் மூன்று முறை முழுசாக எழுதினார். கடைசிக் கட்டத்துக்கு மேலே, 'ஒதுக்கப்பட்ட முகாம்' என்று அச்சடித்திருந்தது. பூமணிக்கு நேராக முகாமின் பேரை எழுதினார். டிலானிக்கு நேராக வந்ததும் பேனா நின்றது. அவர் அம்மையப்பனைப் பார்த்தார்.

"எதுக்கு வே முழிக்கீரு? இப்போ எழுதும்," என்றார் அம்மையப்பன். "ரெண்டு தடவை எழுதும்."

இஸ்ரவேல் பேனாவை உதறிக்கொண்டு, நல்ல நீல மையில், எழுத்துக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார்.

மேற்படி.

மேற்படி.