முன்சீட்டு முறை

இன்னும் விடியவில்லை. வேன் வந்து நின்றதும் கூட வருகிற பேங்க்காரர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறும்மா, இந்த வாரம் உன் முறை" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். போன வாரம் அவர் முறை. இனி இரண்டு மாதத்துக்கு அவர் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்கள் வேனில் முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது. டிரைவர் கண்ணசந்துவிடாமல் இருக்க அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஆளுக்கு ஒரு வாரம். யார் கொண்டுவந்த ஏற்பாடோ, நான் இந்த ஊருக்குக் குடிவந்து வேனில் இடம் பிடித்தபோதே இருந்தது. மற்றவர்கள் ஏறி உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். ஊர்க்கோடி பெட்ரோல் பங்கைத் தாண்டுவதற்குள் குறட்டை கிளம்பிவிடும். இங்கே வீடு, நகரத்தில் வேலை என்று இருப்பவர்களுக்குத் தூக்கம் பாதி கட்டிலில், பாதி வேனில். "சம்பளம் வாங்கறது அங்க, தூங்கறது வழியில, இங்க எதுக்குத்தான் வர்ற?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவருக்கு ஊரிலேயே மரக்கடையில் வேலை. சைக்கிளில் போய், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் பேசாமல் என்ன செய்வார்?

நகரத்து வாடகைக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. இங்கே அதே பணத்துக்கு இரண்டு அறையும், மகன் பந்து விளையாடக் கொல்லைப்புறமும் கிடைத்தன. ரயில் கிடையாது. பஸ் இருக்கிறது, அதற்குத் தோன்றும்போது வரும். அதை நம்பி இரண்டு தடவை லேட்டாகப் போனதற்கே எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஆச்சுன்னா பக்கத்துலயே இருக்கற ஆளாப் பாத்துக்கறேன்மா" என்று சொல்லிவிட்டார். சத்தமே போடாமல் சொன்னார். அதற்கப்புறம்தான் ஆள் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி இந்த வேனில் இடம் வாங்கினேன்.

எனக்குச் சரளமாகப் பேச வராது. வாரம் முழுக்க எதைப் பேசுவது என்று ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். "டைனோசர் பத்திப் பேசும்மா, அது நெறைய இருக்கு" என்று மகன் யோசனை சொன்னான். கணக்கக்கா மட்டும் தைரியம் கொடுத்தார். ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், வேனிலேயே பழைய ஆள். "பயப்படாத. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. அவர மாதிரி காது குடுக்கற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்றார்.

அது உண்மைதான் என்று முதல் இரண்டு நாளும் நினைத்தேன். டிரைவர் அண்ணன் சரியான இடத்தில் "ம்" போட்டார். மேனேஜரைப் பற்றிச் சொன்னபோது "அப்படியா" என்றார். வீட்டில்கூட என் பேச்சை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. எனக்கே என் பேச்சு பிடித்துப்போய், கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

புதன்கிழமை, இரண்டு பக்கமும் வெறும் வயலாக இருக்கும் நீளமான சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பேச்சு வற்றிப்போய், "உங்க பொண்ணு எத்தனாவது படிக்குதுண்ணா?" என்று கேட்டேன்.

"ம்... அப்படியா" என்றார்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் "அப்படியா." திரும்பி அவரைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் நாளெல்லாம் வருகிறவர்களின் கண்ணைப் பார்க்கிற வேலை என்னுடையது. பார்க்கிற கண்ணுக்கும் சும்மா திறந்திருக்கிற கண்ணுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். அந்தக் கண் இமைக்கவே இல்லை. சோதித்துப் பார்க்க, "எங்க வீட்டு மொட்டமாடில டைனோசர் முட்ட போட்டிருக்குண்ணா" என்றேன்.

"நல்லது" என்றார்.

வேன் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. சக்கரம் ஜல்லியில் ஏறி நொறநொறவென்றது. அவருடைய கை தானாகவே வண்டியைச் சாலைக்குத் திருப்பியது. தூரத்தில் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. கத்தலாமா? கத்தினால் திடுக்கிட்டு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாரோ? தொட்டால்? அந்த நிலைமையிலும் என் புத்தி வேறு பக்கம் ஓடியது. இதற்கு முன் ஓடிய வேனை ஒருவர் புகார் சொல்லித்தான் நிறுத்தினார்களாம். ஒரு மழைக்காலம் முழுக்க இவர்கள் பஸ் மாறி பஸ் மாறி அலைந்திருக்கிறார்கள். இருவருக்கு வேலையே போனதாம். இப்போது நான் வாயைத் திறந்தால் இந்த வேனும் போகும், முதலில் என் வேலைதான் போகும். இன்னும் கொஞ்ச தூரம்தானே, சுங்கச்சாவடி வந்தால் எப்படியும் நிற்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லாரியின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. கொல்லைப்புறத்தில் மகன் பந்தை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்பது போல இருந்தது.

பள்ளிக்கு நேரமாகும்போது மகனை எழுப்புகிற மாதிரி அவர் தோளில் கையை வைத்து, மெதுவாக அழுத்தி, "அண்ணா... அண்ணா... வாந்தி வருது. ஓரமா நிறுத்துங்க" என்றேன். மூன்றாவது அண்ணாவில் அவர் கண்ணில் ஆள் வந்தார். பிரேக் போட்டு, ஒரு மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஓரம் கட்டினார். "சீக்கிரம் போய்ட்டு வாம்மா" என்று சொல்லி வண்டியை அணைத்தார். நான் கதவைத் திறக்கக்கூட இல்லை, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்கிவிட்டார். எட்டி, சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். பொய்யாகச் சொன்ன வாந்தி அப்போதுதான் உண்மையாகவே வந்தது.

வண்டி நின்றதும் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பேங்க்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். "என்னம்மா, காலங்காத்தால? உனக்கு ஒத்துக்கலன்னா முன்கூட்டியே சொல்லக் கூடாதா?"

"அவரு தூங்கிட்டு ஓட்டறாரு சார்."

"நீதான் பேசிட்டே வந்தியே? அவரும் பதில் சொல்லிட்டுத்தான வந்தாரு?"

"பதில் சொல்லிட்டேதான் தூங்கறாரு."

யாராவது "ஐயோ" என்று நெஞ்சில் கை வைப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். துணிக்கடைப் பெண் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினாள். ஆஸ்பத்திரி நர்ஸ் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரில பார்சல் வண்டியும் ஓட்டறாரு. எங்க ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி எறக்கறது இவருதான்" என்று தணிந்த குரலில் சொன்னாள்.

"போன மாசம் என் முறையில எனக்கும் சந்தேகம் வந்துச்சு" என்றார் கணக்கக்கா. "என் புருஷன் செத்துட்டாருன்னு சொல்லிப் பாத்தேன். 'ரொம்ப சந்தோஷம்க்கா'ன்னாரு."

துணிக்கடைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றேன்.

"சொல்லிட்டு? நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போவா? உங்க மேனேஜரா?" அக்கா என்னைப் பார்க்காமல் வயலைப் பார்த்தார். "அதுலேர்ந்து ஏறின உடனே கண்ண மூடிக்குவேன். பாக்கலன்னா பயம் தெரியாது."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூட என் கண்ணைச் சந்திக்கவில்லை. இந்த மூன்று நாளும் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அத்தனை குறட்டையில் எது தூக்கம், எது நடிப்பு என்று எனக்குத் தெரியவில்லை.

பேங்க்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஆனது ஆச்சு. மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பிடலாம். சாவியக் குடு."

"ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் இல்லை. பேங்க்காரருக்கு ஸ்கூட்டர்தான் தெரியும்.

"அப்ப குடுக்க மாட்டேன் சார்."

"நான் இன்னிக்கு பெட்டகம் தொறக்கணும்மா. ஒரு சாவி என்கிட்டதான் இருக்கு. உனக்கும் வேல போகும், தெரியும்ல?"

"தெரியும்."

சாவி உள்ளங்கையில் குத்தியது. தைரியமாகச் சொல்லிவிட்டேனே ஒழிய, உள்ளுக்குள் ஆட்டம் கண்டுபோயிருந்தேன். டிரைவர் அண்ணன் தானே எழுந்துவந்து, "குடும்மா, நேரமாச்சு" என்று கையை நீட்டினால் மறுக்க முடியுமா என்று தெரியவில்லை. இன்று ஒரு மணி நேரம் தூங்குவார், சரி. சாயங்காலம்? நாளைக்கு? பார்சல் வண்டியை விடு என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் நகரத்தின் கட்டடங்கள் தெரிந்தன. நடந்தே போய்விடலாம் போலத் தோன்றியது.

அதற்குள் கிழக்கு வெளுத்து வெயில் ஏறிவிட்டது. முன்கண்ணாடி வழியாக நேராக டிரைவர் அண்ணன் முகத்தில் விழுந்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் புரட்டினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தோம். அவர் எழுந்துகொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களும் அங்கே இருந்திருப்பார்கள்.

பேங்க்காரர் ஏதோ முணுமுணுத்தார். என்னைத் திட்டினார் என்றுதான் நினைக்கிறேன். பையிலிருந்து குடையை எடுத்தார். சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று, பொத்தானை அழுத்தாமல் கம்பியைக் கையால் பிடித்து மெல்ல விரித்தார். வேனுக்கு முன்னால் போய் நின்று, எக்கி, கண்ணாடியின் மேல் வெயிலுக்குக் குறுக்கே பிடித்தார். உள்ளே டிரைவர் அண்ணனின் நெற்றிச் சுருக்கம் பிரிந்தது. ஒரு லாரி இரைந்துகொண்டு போனது, அதன் காற்றில் குடை பின்னால் மடங்கப் பார்த்தது. பேங்க்காரர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அவருடைய சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க அவருக்குக் கை இல்லை.