பெரிய வெள்ளியில் பதிவான கேசட்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது திருட்டுக் கதை. வில்லியனூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் போட்ட சண்டையை ஒட்டுக்கேட்டேன். "பாடினவரே வாயத் தொறக்கலன்னா படம் இன்னாத்துக்குடா?" என்றாள். அவளுக்கு மரிய செலின் என்று பெயர் வைத்து, மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

2

'தமிழ் ராக் இசையின் பொற்காலத்தில்...'

[சே, மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். 1986இல் பாகூர் நெல் மில் ஒன்றில் நாலு பையன்கள் 'உமிப்புகை' என்றொரு ராக் ஆல்பம் பதிவு செய்தார்கள். இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அது உருவான கதையைத்தான் செலின் ஆவணப்படமாக எடுக்கிறாள். மில் முதலாளி மகன் கமலக்கண்ணன் கிதார் வாசித்தார். பாடியவர் பெயர் மட்டும் கேசட் அட்டையில் இல்லை.

ஏன்? பதிவுக்கு மில் ஓடாத நாள் வேண்டும். இயேசு சிலுவையில் இறந்த துக்க நாளான பெரிய வெள்ளி லீவுதான் கிடைத்தது. ஊரே கோயிலில் சிலுவைப்பாதை செய்துகொண்டிருக்க, அதே கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகன் சேவியர் மில்லுக்குள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும். "எம் பேரப் போடாத" என்று அவரேதான் சொன்னார்.

(அடிக்குறிப்பு: சேவியரைக் கோழை என்று முதலில் எழுதியிருந்தேன். அப்பன் சோற்றில் மண் போடத் துணியாதவன் கோழையா? என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.)

3

மூன்று முறை சேவியர் வீட்டுக்கு நடந்தும் செலினுக்கு ஒன்றும் பெயரவில்லை. அவரே தன் வாயால் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தக் குரல் கடைசிவரை அநாதைதான். நாலாம் முறை கமலக்கண்ணனையும் கூட்டிப்போனாள்.

"உங்கப்பா போயி இருவது வருஷமாச்சு. இன்னும் யாருக்குப்பா பயப்படற?" என்றார் கமலக்கண்ணன்.

"கடவுளுக்குத்தான்" என்றார் சேவியர்.

அவர் மனைவி லில்லி அடுப்படியிலிருந்து வந்தாள். "அன்னிக்கு நானுந்தான் சிலுவைப்பாதையில இருந்தேன். பதினாலு ஸ்தலமும் நல்லாத்தான் முடிஞ்சுது. நீ வராததால ஒண்ணும் கொறஞ்சிடல. போயி கேமரா முன்னால உக்காரு."

4

முடிவு ஒன்று: சேவியர் கேமரா முன்னால் குலுங்கிக் குலுங்கி

[வேண்டாம். படமெடுப்பவர்களுக்கு அழுகை என்றால் அல்வா. நான் தரமாட்டேன்.]

முடிவு இரண்டு: சேவியர் எழுந்து போய்விடு

[இதை எழுத மனசு வரவில்லை.]

ஆகவே, எனக்குத் தெரிந்தவரை மட்டும். செலின் அவர் சட்டையில் மைக்கைக் குத்தினாள். "சவுண்டு பாக்கணும் மாமா. சும்மா பேரு, ஊரு சொல்லுங்க." எல்லோரிடமும் கேட்பதுதான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேரு சேவியர். ஊரு இதேதான். அந்தக் கேசட்டுல பாடினது நான்தான்."

பிறகு கேமராவை நேராகப் பார்த்தார். "கேக்குதா? இல்ல, இன்னும் சத்தமா சொல்லணுமா?"

செலின் சவுண்டு மீட்டரைப் பார்க்கக் குனிந்துவிட்டாள். மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்களாவது பதில் சொல்லுங்கள்.