மாமன் மடி

குலசாமி கோயில் திடலில் ஆசாரி குழந்தையின் காதில் சந்தனத்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார், சரியாக விழவில்லையாம், அழித்துவிட்டு மறுபடி வைக்கிறார், என் மடியில் இருக்கும் பதினோரு மாதக் குட்டிக்கு இந்த விளையாட்டுப் பிடித்துப்போய்ச் சிரிக்கிறாள், மொட்டைத் தலை என் நெஞ்சில் முட்டி முட்டிச் சூடாக இருக்கிறது, மோனிஷ்கா என்று பெயராம், என்ன பெயரோ, எங்கள் கரிசல்காட்டில் ஒருத்தர் வாயிலும் நுழையாமல் மோனி, மோனி என்றே கூப்பிடுகிறார்கள், மோனிக்குட்டி, நான்தான் உன் தாய்மாமன், நன்றாகப் பார்த்துக்கொள், வேட்டி கட்டியிருக்கிறேன், சட்டை போட்டிருக்கிறேன், தலையில் உருமா கட்டிவிட்டிருக்கிறார்கள், அந்த உருமாவுக்குள் இடுப்பு வரைக்குமான என் முடி சுருண்டு கிடக்கிறது, பதினான்கு வருஷமாகப் புடவையில் வாழ்கிற திருநங்கை நான், இன்றைக்கு ஒரு நாள் உனக்காக மாமன், இந்த ரகசியம் உனக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் உன் தாத்தாவுக்கும் தெரிந்தால் போதும், உன் அப்பா வீட்டு ஆட்களுக்கு நான் வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்.

தங்கமாரி போன வாரம் போனில் அழுதாள், என் தங்கை, மோனியின் அம்மா, என் நம்பரை டெய்லர் கடை என்று பதிந்து வைத்திருப்பவள், புருஷன் பக்கத்தில் இல்லாவிட்டால் அக்கா, இருந்தால் சொல்லுங்க மேடம், பிளவுஸ் தைச்சாச்சா மேடம், நானும் விடுவேனா, கை நீளம் எவ்வளவு வைக்கணும்மா என்று கேட்டு அவளைச் சிரிக்க வைக்காமல் போனை வைக்க மாட்டேன், அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை, அப்பா சொல்லிட்டாருக்கா, ஆம்பளையா வந்தா வரட்டும், இல்லன்னா சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவோம்னு, நீ வர வேண்டாம்க்கா, உன்னைய அப்படிப் பாக்க என்னால முடியாது என்றாள், அடி போடி கூறுகெட்டவளே, ஒரு நாள் கூத்துதானே, தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தினால் நாளைக்குப் பிள்ளையை நாதியத்தவள் என்று எவளாவது சொல்வாள், அதற்காகத்தான் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன், அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை, எனக்கு ஆசை, அவ்வளவுதான், என் கூடப்பிறந்தவள் பெற்ற பிள்ளையை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க என் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்கு வேட்டி என்ன, கோணியைக் கட்டிக்கொண்டு வரச் சொன்னாலும் வந்திருப்பேன்.

நேற்றுக் காலையில் திருப்பூரில் பஸ் ஏறுகிறேன், மூக்குத்தியைக் கழற்றிப் பர்ஸில் போட்டாயிற்று, இரண்டு பனியன்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறுக்கிப் போட்டாயிற்று, பனியன் கம்பெனிக்காரிக்குப் பனியனுக்கா பஞ்சம், மேலே கட்டிங் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய சட்டை, முடியைச் சுருட்டி வைத்துத் தலையில் துண்டைக் கட்டியாயிற்று, கண்ணாடியில் பார்த்தால் யாரோ சொந்தக்காரப் பையன் மாதிரி இருக்கிறது, ஒருத்தர் வந்து அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்று பக்கத்தில் உட்கார்ந்து, எங்க போறீக என்று விசாரித்து, மதுரை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனார், நான் புடவையில் ஏறும் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும், நிற்கிறவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்களே தவிர உட்கார மாட்டார்கள், கண்டக்டர்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டே டிக்கெட்டை நீட்டுவார், திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும், திட்டுவதற்காவது ஆள் வேண்டுமே, எத்தனை நாள் என் கையையே கிள்ளிப் பார்த்திருக்கிறேன், நேற்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஆனால் அவர்கள் பார்த்தது இல்லாத ஒருத்தனை, என்ன கொடுமை பாருங்கள், அந்த மனிதரின் தலையை என் தோளிலிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை, தூங்கட்டும் பாவம்.

வீட்டு வாசலில் அப்பா நிற்கிறார், இதே வாசல்தான், புடவை கட்டிக்கொண்டு முதல் முதலாக வந்த மத்தியானம் இந்தக் கதவைத் தட்டினேன், அம்மா அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டாள், பள்ளிக்கூடத்து யூனிஃபார்மோடு தங்கமாரிதான் வந்து திறந்தாள், உள்ளேயிருந்து அப்பா, யாரு தாயி என்றார், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, யாரும் இல்லப்பா என்றாள், கதவு சாத்திக்கொண்டது, நான் தெருமுனை வேலிக்கருவை மரம் வரைக்கும் நடந்துவிட்டேன், பின்னால் செருப்பில்லாமல் ஓடி வருகிறாள், கையில் ஒரு செம்புத் தண்ணீர், பாதியை வழியெல்லாம் சிந்திவிட்டாள், நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, செம்பை வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள், யாரும் இல்லை என்று சொன்னதற்காக இன்னும் போனில் அழுகிறாள், எனக்கென்னவோ அந்தத் தண்ணீர்தான் நினைவில் நிற்கிறது, வெயிலுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி, நேற்று அதே வாசலில் அப்பா என் தோளில் கை போட்டார், வந்துட்டியாய்யா, மெலிஞ்சு போயிட்டியே, சாப்பிட்டியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார், பதினான்கு வருஷமாக நான் ஏங்கிய கை, அது என்மேல் இல்லை, எவன் தோள்மேலோ கிடக்கிறது என்று தெரிகிறது, தெரிந்தும் சாப்பிட்டேன்ப்பா என்று குரலைக் கனமாக்கிச் சொல்கிறேன், வெட்கங்கெட்ட மனசு, கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்றது.

ஒன்றுமில்லடா மோனி, ஒன்றுமில்லை என்று சொல்லி வாய் மூடவில்லை, ஊசி இறங்கிவிட்டது, ஆசாரிக்கு அவ்வளவு வேகக் கை, குழந்தை வாயைத் திறந்தபடி சத்தமே இல்லாமல் என்னைப் பார்க்கிறாள், பிறகு வீறிட்டாள், ஐயோ என் தங்கமே, என் வலது கை தன்னால் எழுந்து இடது தோளுக்குப் போகிறது, முந்தானையை இழுத்துப் பிள்ளையின் கண்ணைத் துடைக்க, தேடுகிறது, சட்டைக் காலர், இன்னொரு தடவை தோளைத் தடவிப் பார்க்கிறது, ஒன்றும் இல்லை, மூக்குத்தியை ஞாபகமாகக் கழற்றியவள், குரலை ஞாபகமாகக் கனமாக்கியவள், இந்தக் கைக்குச் சொல்லி வைக்க மறந்துபோனேன், மாப்பிள்ளையின் அத்தை பார்த்துவிட்டாள், ஏட்டி, மாமன் முந்தானையத் தேடுதாகடி என்றாள், ஒரு சிரிப்பு, பின்னால் இன்னொரு சிரிப்பு, யாரோ என் மார்பைப் பார்த்தார்கள், யாரோ உருமாவைப் பார்த்தார்கள், புரிந்துவிட்டது, அவ்வளவுதான், சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேப்பமரத்தையும் பொங்கல் பானையையும் பார்க்க ஆரம்பித்தார்கள், அப்பாவும் வேறெங்கோ பார்த்தபடி சித்தப்பா மகனைக் கூப்பிடுகிறார், ஏலே, நீ வந்து பிள்ளைய வாங்கி உக்காரு, அவனும் வருகிறான், குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஒரு காதுதான் ஆகியிருக்கிறது, எனக்குப் பழக்கம்தான், கொடுத்துவிட்டு எழுந்து போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், பிள்ளையைச் சுற்றியிருந்த கையைத் தளர்த்துகிறேன்.

பட்டுப்புடவை மண்ணில் புரளத் தங்கமாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், மூச்சு வாங்குகிறது, முதுகில் தொங்கிய முந்தானையை முன்னால் இழுத்து என் தோளில் போட்டாள், இதுல தொடைச்சு விடுக்கா என்றாள், போனில் பேசுகிற குரல் இல்லை அது, அந்தப் பக்கம் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள், ஏ தங்கமாரி என்றார் அப்பா, எனக்குக் கூடப்பொறந்தது இவ ஒருத்திதான்ப்பா, இவ மடியிலதான் குத்தணும், பிடிக்காதவுக பொங்கலப் பாத்துக்கிட்டு இருங்க, புருஷன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, முந்தானை என் தோளில் கிடக்க அவளால் நகரவும் முடியாது, ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள், சித்தப்பா மகன் பாதி வழியில் நின்று மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொள்கிறான், அப்பா எங்கே பார்த்தார் என்று நான் பார்க்கவில்லை, ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார், பிள்ளைய நல்லா அணைச்சுப் புடிம்மா, இந்தக் காதுக்கு இன்னும் துள்ளுவா என்று சொல்லிச் சந்தனத்தைத் தொட்டார், நான் என் தங்கையின் முந்தானையால் குழந்தையின் கண்ணைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன், மோனி, இங்க பாருடி, உன் பெரியம்மாடி நான், பெரியம்மா பிடிச்சிருக்கேன், அழு, நல்லா அழு.