ஆரஞ்சுப் புள்ளிகள்

டெரிக் இறந்து பதினேழு நாட்களும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. ஊர்க் கூடத்தின் நீள மேசையருகே நின்று மொரீன் முட்டை சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டிக்கொண்டிருந்தாள். கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு இதையெல்லாம் செய்ய வேண்டாம் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவள் கத்தியை விடவில்லை.

"குடு கண்ணு, நான் பாத்துக்கறேன். நீ போய் உக்காரு," என்றாள் பக்கத்து வீட்டு வெண்டி.

"உக்காந்தா எல்லாரும் வந்து கையப் பிடிச்சுக்கறாங்க."

"பிடிச்சா என்ன?"

"பிடிச்சுக்கிட்டு அதையே சொல்றாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, தபால் நிலையத்தில் வேலை செய்யும் பெண் தட்டோடு வந்தாள். மொரீனின் முழங்கையைத் தொட்டாள். "ஒரே ஆறுதல் என்னன்னா, பிடிச்ச இடத்துல, பிடிச்ச வேலையச் செஞ்சுக்கிட்டே போய்ட்டார். எத்தன பேருக்கு அது வாய்க்கும், சொல்லுங்க."

"இருபத்திமூணு," என்றாள் மொரீன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. சாண்ட்விச் எடுத்துக்கோங்க."

அதைச் சொன்ன இருபத்திமூன்றாவது ஆள் அவள். இந்த ஊரில் யாரும் சும்மா சாவதில்லை. எல்லோரும் பிடித்ததைச் செய்துகொண்டேதான் சாகிறார்கள். போன வருடம் கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்த இலைகளை அள்ளும்போது ஏணியிலிருந்து விழுந்தவரைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். கூரைக் குழாய் சுத்தம் செய்வது அவருக்குப் பிடிக்கும் என்று அதுவரை அவர் மனைவிக்கே தெரியாது.

வெட்டி முடித்ததும் தட்டில் அடுக்க மொரீன் காகிதத் துவாலைக்குக் கை நீட்டினாள். துவாலையின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன நீலப் பூக்கள். நடுவில், 'புளூபெல் ஞாயிறுக்கு வருக!'

வெண்டி சட்டென்று அதைத் திருப்பிப் போட்டாள். "மிச்சம் நிறைய இருந்துச்சு கண்ணு. நான் சரியாப் பாக்கல."

டெரிக் செத்தது சனிக்கிழமை காலை, காட்டில் ஒரு ஆஷ் மரம் முறிந்து மேலே விழுந்து. மறுநாள், காட்டில் புளூபெல் பூத்திருப்பதை ஊரே கூடிப் பார்க்கும் புளூபெல் ஞாயிறு, நிற்காமல் நடந்தது. காட்டின் மேற்குப் பாதியை நாடா கட்டித் தடுத்தார்கள். வாசல் படலருகே ஒரு நிமிட மௌனம். பிறகு இருநூறு பேர் கிழக்குப் பாதியில் பூப் பார்த்தார்கள், கேக் தின்றார்கள். டெரிக் இருந்திருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார் என்று காட்டுக் கமிட்டித் தலைவர் நைஜல் அறிவித்தாராம். கேக் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது என்பதையும் மொரீனுக்கு யாரோ ஆறுதலாகச் சொன்னார்கள்.

காடு என்றால் பெரிய காடு இல்லை. பார்லி வயலுக்கும் புறவழிச் சாலைக்கும் நடுவில் பதினோரு ஏக்கர். ஓக், ஹேசல், ஆஷ் மரங்கள். யாரும் நட்டதில்லை. இந்த வட்டாரத்தின் மிகப் பழைய வரைபடத்திலும் அது இதே வடிவத்தில்தான் இருக்கிறது. குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டெரிக் பத்தொன்பது வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டான். குளிர்காலத்தில் ஒரு பகுதி ஹேசலை அடியோடு வெட்டுவான். வெளிச்சம் தரைக்கு இறங்கும். அடுத்த வசந்தத்தில் அங்கே பூ வரும். அவ்வளவுதான் முறை.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆஷ் மரங்களுக்குப் பூஞ்சை நோய் வந்தது. மரம் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சாகும். கட்டை வலுவிழந்து பிஸ்கட் போல உடையும். முறியும் முன் மற்ற மரங்கள் முனகுமே, அந்த முனகல்கூட இருக்காது. மரம் அறுப்பவர்களே ஏற மறுக்கிறார்கள். பிப்ரவரியில் டெரிக் பாதையோரம் பதினான்கு மரங்களில் மார்பு உயரத்தில் ஆரஞ்சுப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தான். ஆரஞ்சு என்றால் வெட்ட வேண்டும் என்று பொருள். அறுக்கும் வண்டி உள்ளே வந்தால் பூ நசுங்கிவிடும், புளூபெல் ஞாயிறு முடியட்டும் என்றது கமிட்டி.

பிறகு நைஜல் நானூறு துண்டுத்தாள் அச்சடித்தார். அதில், 'ஆரஞ்சு அடையாளத்தைப் பின்தொடருங்கள்' என்று இருந்தது. அவர் நினைத்தது ஓக் கிளைகளில் கட்டப்போகும் ஆரஞ்சு ரிப்பனை. தாளை நம்பிப் புள்ளிகளைப் பின்தொடரும் குடும்பம் பதினான்கு செத்த மரங்களுக்கு அடியில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்ளும். டெரிக்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னான். தாளை மாற்றுவதற்குப் பதிலாக மரத்தை மாற்றுவது என்று கமிட்டி முடிவு செய்தது. புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டால் போதுமாம்.

போலீஸ்காரர் ஒரு பையில் திருப்பிக் கொடுத்தவை: தொப்பி, கண்ணாடியின் ஒரு பாதி, கம்பி பிரஷ். பிரஷ்ஷின் பற்களில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது. அன்று காலை என்ன நடந்தது என்று அவர் கேட்டபோது, "நான் மாடியில இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று மொரீன் சொன்னாள். அது பொய். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"மொரீன்." நைஜல் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றார். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். துக்கத்துக்கு வந்த இடத்திலும் முதுகு வளையவில்லை. "கமிட்டி சார்பா ஒரு ஓக் பெஞ்சு போடறோம். பித்தளைத் தகட்டுல வாசகம் எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒரு தடவ பாத்துட்டீங்கன்னா..."

தாளை நீட்டினார். 'டெரிக். தான் நேசித்த காட்டில், தன் காலை நடையின்போது.'

மொரீன் அதைப் படித்துவிட்டு மேசையில், வெண்ணெய்க் கறை மேலேயே வைத்தாள். கறை 'நேசித்த' என்ற சொல்லின் வழியாக மெல்லப் பரவியது.

நைஜல் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வியாழன் மரண விசாரணை. நான் காலை நடைன்னுதான் எழுதிக் குடுத்திருக்கேன். நீங்களும் அதையே சொல்லிட்டா சிக்கல் இல்ல. மத்தபடி நான் யார்கிட்டயும் வாய் திறக்கல. உங்களுக்கும் அதுதான் நல்லது."

கடைசி வரியை அவர் கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவுதான் மொரீனின் கழுத்தில் சூடாக ஏறியது.

"என்ன எழுதிக் குடுத்தீங்க?" டெரிக்கின் தம்பி ஸ்டான் நாற்காலியைத் திருப்பினான். நாற்பது வருடம் லாரி ஓட்டியவன். அவனுக்கு மெதுவாகப் பேசவும் வராது, மெதுவாகப் பேசினால் கேட்கவும் கேட்காது. "சத்தமா சொல்லுங்க ஹெட்மாஸ்டர். இந்தக் காது மிஷின்ல பேட்டரி போயிடுச்சு."

"இது குடும்ப விஷயம் ஸ்டான்."

"நான் என்ன கேக் வாங்க வந்தவனா?"

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நைஜல் புன்னகைத்தார். "காலையில வழக்கமா நடக்கப் போவாரே, அதப் பத்தி."

"கம்பி பிரஷ்ஷோட யாருய்யா நடக்கப் போவான்? நாயோட போவான். குடையோட போவான். என் அண்ணன் என்ன, காட்டுக்குப் பல் தேய்க்கப் போனானா?"

ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். வெண்டி ஸ்டானின் தோளில் கை வைத்தாள். "இன்னிக்கு வேண்டாம் ஸ்டான்."

"அப்புறம் என்னிக்கி? பெஞ்சு போட்டதுக்கப்புறமா?"

நைஜல் கோப்பையை வைத்தார். இப்போது கூடம் முழுவதற்குமாகப் பேசினார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பழகிய குரல்.

"சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். அன்னிக்கி எட்டரைக்கு நான் டெரிக்குக்கு போன் பண்ணேன். அந்தப் புள்ளிங்கள மட்டும் சுரண்டிட முடியுமான்னு கேட்டேன். காத்து அடிக்குது, இன்னிக்கு ஆஷ் பக்கம் யாரும் போகக் கூடாது, நானும் போகமாட்டேன்னு சொன்னார். நான் சரின்னு வச்சுட்டேன். இதுல ஒளிக்க என்ன இருக்கு? அதுக்கப்புறம் அவரே மனசு மாறிப் போயிருக்கார். ஏன்னா அந்தக் காடுன்னா அவருக்கு உயிர். அவரால சும்மா இருக்க முடியல. அவர் அப்படிப்பட்ட மனுஷன்."

அடக்கத்தை நடத்தி வைத்த பெண் பாதிரியார் தலையாட்டினார். தபால் நிலையப் பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'பிடிச்ச இடத்துல' என்று யாரோ முணுமுணுத்தது மொரீனுக்குக் கேட்டது. இருபத்திநான்கு.

அண்ணனின் பெயரில் எல்லோரும் இவ்வளவு நல்லதாகச் சொல்லும்போது அதற்கு எதிராக என்ன சொல்வது என்று ஸ்டானுக்குத் தெரியவில்லை. மொரீனைப் பார்த்தான்.

நைஜலும் அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காத பார்வை. வியாழக்கிழமை வரை, அதற்குப் பிறகும், பெஞ்சில் பித்தளை கறுக்கும் வரை இப்படியே இருந்துவிடலாம் என்றது அந்தப் பார்வை. இருக்கலாம்தான். காற்றடித்தால் ஆஷ் மரத்தடிக்குப் போகக் கூடாது என்று சொன்ன, பத்தொன்பது வருடங்கள் காட்டைப் பார்த்துக்கொண்ட மனிதன், பூ ஆசையில் அதே மரத்தடிக்குப் போய் நின்ற மடையன் என்று தகட்டில் எழுதி, அதன் மேல் ஆட்கள் உட்காருவார்கள். மதிய உணவு சாப்பிடுவார்கள்.

தேநீர்ப் பாத்திரம் சீறிக்கொண்டிருந்தது. மொரீன் போய் அதை அணைத்தாள்.

"அவருக்கு மனசு மாறல," என்றாள்.

"மொரீன், நீங்க களைச்சுப் போயிருக்கீங்க," என்றார் நைஜல்.

"ஒம்பது மணிக்கு நீங்க மறுபடி போன் பண்ணீங்க. துண்டுத்தாள் வீணாப் போயிடும்னீங்க. அவர் தோட்டத்துல இருந்தார். காத்து அடிக்கறது உங்களுக்கும் கேட்டுச்சு, எனக்கும் கேட்டுச்சு."

"வேண்டாம், இங்க வேண்டாம்."

"காலையிலேர்ந்து போன் அடிக்குதே, போய்ச் சுரண்டித் தொலைச்சுட்டு வாங்கன்னு அவர் கையில பிரஷ்ஷக் குடுத்து அனுப்பினது நான். போனை எடுத்தது நான். வருவார்னு உங்ககிட்டச் சொன்னதும் நான்தான்."